மணலில் ஐந்து கோடுகள்

என் அண்ணன் இறந்த நாளைச் சொல்ல எனக்கு நாட்காட்டி தேவையில்லை. மட்டக்களப்பைப் பெருவெள்ளம் மூடிய 2011 தை மாதத்துக்கு முந்திய ஆவணி, பறுவ நாள். பௌர்ணமியை நாங்கள் பறுவம் என்போம். பாடசாலைக்கு இரண்டாம் தவணை விடுமுறை. அவனுக்குப் பதினேழு வயது, எனக்கு ஒன்பது. நாள் விடயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. உறவினர் வீடுகளில் யாராவது ‘ஒருக்கா’ என்று கதை தொடங்கினால் எந்த வருடம், எந்த மாதம் என்று கேட்டுக் கதையைக் கெடுத்துவிடுவேன். ஆனால் இப்போது நான் விரும்பிப் படிக்கிற நூல்களோ, உலகத்து உயிர்களில் பெரும்பாலானவை செத்தழிந்த காலங்களைச் சொல்லும்போது சில ஆயிரம் ஆண்டுகள் முன்னே பின்னே இருக்கலாம் என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அந்தச் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் எத்தனை ஆவணிப் பறுவங்கள் வந்து போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் ஊர் குருக்கள்மடத்துக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது. வாவியை ஊரில் யாரும் வாவி என்று சொல்வதில்லை, ஆறு என்பார்கள். அப்பா ஆற்றில் தொழில் செய்தார். அவருடைய வலையில் படுகிற இறாலும் நண்டும் கொடுவாவும்தான் எங்கள் சோறு, அண்ணனின் டியூசன், என் வெள்ளைச் சட்டை எல்லாம்.

கோடையில் ஆற்றின் வாயைக் கடல் மணலால் அடைத்துவிடும். மாரியில் மழைத்தண்ணீர் ஏறி வயல்வட்டைகளை மூடத் தொடங்கும்போது அந்த மணல்மேட்டை வெட்டி ஆற்றைக் கடலுக்குள் விடுவார்கள். தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, மண்வெட்டி அகலத்துக்கு ஒரு வாய்க்கால் இழுத்தால் போதும். மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். வெட்டுகிறவர்களுக்கு ஒரே ஒரு விதி உண்டு. கடைசி மண்ணை எடுத்ததும் ஆற்றுப் பக்கமாக ஓடிவந்து நின்றுகொள்ள வேண்டும். கடலுக்குள் பாய்கிற தண்ணீர் கரையைக் கடல் பக்கத்திலிருந்துதான் தின்னத் தொடங்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. எங்கள் ஊர்க் கால்களுக்கே அது தெரிந்திருந்தது.

அந்தக் கோடையில் ஆறு வற்றி, பச்சைப் பாசி பிடித்து, இளஞ்சூடாகக் கிடந்தது. முதலில் நண்டுகள் வெளியே வந்தன. வலை கட்ட நட்டிருந்த கம்புகளில் ஏறி, தண்ணீருக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. சிறுவர்களுக்குக் கொண்டாட்டம். வாளியோடு போய் மாங்காய் பறிப்பதுபோலப் பறித்தோம். அப்பா என் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்தது இறால். பிறகு ஒரு விடியற்காலை ஆறு முழுவதும் மீன் வாய்கள். மேலே வந்து காற்றைக் கடித்துக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் அவை கரையோரம் வெள்ளைப் பட்டையாக ஒதுங்கிவிட்டன. மறுநாள் ஊரெல்லாம் கூழ்முட்டை நாற்றம். தின்று தின்று காகங்களுக்கே சலித்துப்போனது. காத்தான்குடியிலிருந்து மீன் எடுக்க வருகிற லொறி சந்தியில் நின்றது. ஓட்டுநர் கண்ணாடியை இறக்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

நான் கரையில் உட்கார்ந்து அழுதேன். ஆற்றுக்காக அல்ல. வாளியில் தண்ணீர் விட்டு உயிரோடு வைத்திருந்த என் ஒற்றை நண்டும் செத்துவிட்டது. அண்ணன் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். அவன் உயர்தரத்தில் உயிரியல் படித்தான். அடுத்த வருடம் பரீட்சை. அவனுடைய இடது புருவத்தை நடுவில் பிளந்துகொண்டு ஒரு தழும்பு இருந்தது. சின்ன வயதில் தோணி விளிம்பில் விழுந்ததால் வந்தது. அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆசுபத்திரிவரை ஓடினாராம். அண்ணன் சிரித்தால் அந்தப் பாதிப் புருவம் மட்டும் மேலே ஏறும்.

தோணிக் கம்பை எடுத்து, ஈர மணலில் ஐந்து கோடு இழுத்தான்.

“இஞ்ச பார் புள்ள. இந்த உலகம் அஞ்சு தரம் செத்திரிக்கு.”

“பொய்.”

“பொய்யெண்டா என்ர தலையில குட்டு. முதல் தரம் குளிர்ல. ரெண்டாந்தரம் கடல்ல மூச்சு முட்டி. மூணாந்தரம் இது.” நடுக்கோட்டைக் குதிகாலால் ஆழமாக்கினான். “இதுதான் பெரிசு. சைபீரியாப் பக்கம் நிலம் வெடிச்சு நெருப்புக் கக்கினது. கடலெல்லாம் சூடாகி, உள்ளுக்குக் காத்தில்லாமப் போய், இதே நாத்தம். இதே கூழ்முட்டை நாத்தந்தான்.”

“நீ மோந்து பார்த்தியா?”

“கல்லு சொல்லுது.”

“கல்லு கதைக்குமா?”

“உன்னைவிடக் குறைவாத்தான் கதைக்கும். கேள். நாலாவதும் நெருப்பு. அஞ்சாவதுக்கு வானத்துல இருந்து பெரிய கல்லொண்டு விழுந்து டைனோசர் எல்லாம் செத்துச் சரி.”

“மறுகா?”

“மறுகா என்ன? எல்லாம் திரும்பி வந்திச்சு.”

“எல்லாமா?”

“ஓம், எல்லாந்தான். வராட்டி நீ எங்கால வந்தாய்? இந்த ஆறும் வரும். உன்ர நண்டும் வரும். மூக்கைத் துடை.”

“எவ்வளவு நாளில?”

“மூணாவதுக்கு ஒரு கோடி வருசம் எடுத்திச்சு.”

ஒரு கோடி பெரிய எண் என்று எனக்குத் தெரியும். தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் என்பதும் அப்போது எனக்குப் பெரிய எண்தான். வரும் என்பது மட்டுமே என் காதில் விழுந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று மாலை மாமா வந்தார். அம்மாவின் மூத்த சகோதரர். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. ஆற்றுத்தொழில் செய்கிறவர்களுக்கும் அவர்தான் முன்னுக்கு நிற்பவர். முற்றத்தில் நாலைந்து பேர் கூடினார்கள்.

“ஆறு மூச்சு முட்டிச் சாகுது மச்சான்,” என்றார் அப்பாவிடம். “வாயைத் திறந்து விடுவம்.”

“கோடையில ஆரு வாய் வெட்டினது?”

“கோடையில ஆரு இப்பிடி மீன் செத்துக் கண்டது?”

கதவோரம் நின்ற அண்ணன் வாயைத் திறந்தான். “கடல் தண்ணியில ஒட்சிசன் கூட, மாமா. ஆறு இப்ப வத்திப் பள்ளமாக் கிடக்கு. பறுவத்துக்குக் கடல் ஏறும். அண்டைக்கு வெட்டினாக் கடல் தானா உள்ளுக்கு வரும்.”

“கேட்டியா மச்சான்? டொக்டர் ஐயா மருந்து எழுதிட்டார்.”

எல்லோரும் சிரித்தார்கள். மீன் செத்த பிறகு எங்கள் முற்றத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது. அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் குசினி வாசலில் நின்று, “பறுவத்தண்டைக்கு அவனுக்குக் கிளாஸ் இரிக்கு. அவனை விட்டிட்டுப் போங்க அண்ணன்,” என்றார்.

“வைத்தியம் சொன்னவன் இல்லாம என்ன வைத்தியம் தங்கச்சி? ஒரு நாள் கிளாஸ் போகாட்டி டொக்டர் பட்டம் ஓடியா போயிரும்?”

இத்தனை வருடங்களாக அந்த முற்றத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். அங்கே முட்டாள்தனமாகப் பேசியவர் என்று ஒருவரையும் பிடிக்க முடியவில்லை. ஆறு உண்மையிலேயே மூச்சு முட்டித்தான் செத்தது. பறுவத்தில் கடல் ஏறத்தான் செய்யும். அண்ணன் சொன்ன ஒட்சிசனும் சரி.

பறுவத்தன்று காலை அண்ணன் என்னைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு போனான். கடல் கறுத்து, உப்பி, மணல்மேட்டின் பாதிவரை ஏறி நின்றது. மாமா தேங்காய் உடைத்தார், கற்பூரம் கொளுத்தினார், முதல் மண்ணை வெட்டினார். பிறகு எல்லோரும் இறங்கினார்கள். ‘ஆற்றுப் பக்கமாப் போய் நில்லு’ என்று அப்பா என்னை இரண்டு முறை விரட்டினார். நான் போகவில்லை. கடல் பக்கத்தில், உடைத்த தேங்காயில் ஒரு பாதியை யாருக்கும் தெரியாமல் சுரண்டித் தின்றுகொண்டு நின்றேன்.

கடைசி மண் எடுத்ததும் கடல் உள்ளே வந்தது. முதலில் நாக்கு நீட்டுவதுபோல ஒரு நுரை. அதன் பின்னால் ஓர் அலை முழுதாக. ஆட்கள் கூவினார்கள். வெட்டியவர்களின் கால்கள் எப்போதும் ஓடுகிற பக்கத்துக்கே ஓடின. ஆற்றுப் பக்கத்துக்கு.

ஆனால் அன்றைக்குத் தண்ணீர் எதிர்த்திசையில் போனது. கடலிலிருந்து ஆற்றுக்குள். அது கரையைத் தின்னத் தொடங்கியதும் ஆற்றுப் பக்கத்திலிருந்துதான். மாரியில் மட்டுமே வாய் வெட்டிப் பழகிய எங்கள் ஊரில் ஒருவருக்கும், வைத்தியம் சொன்னவனுக்கும்கூட, அது தோன்றவில்லை.

அந்தக் கரையில் மூன்று பேர் நின்றார்கள். இரண்டு பேர் பாய்ந்துவிட்டார்கள். அண்ணன் என்னைத் தேடிக் கையை உயர்த்தினான். “புள்ள, பார், வருது!” என்றான். பாதிப் புருவம் மேலே ஏறியதை இந்தப் பக்கத்திலிருந்தே கண்டேன். அவன் நின்ற கரை, களைத்தவர் உட்காருவதுபோல மெல்ல உட்கார்ந்தது. சத்தமே இல்லை. மேலேயிருந்த மணல் முழுவதும் அவன்மேல் சரிந்தது. அப்பாவும் மாமாவும் கையாலேயே தோண்டினார்கள். தோண்டிய இடத்தைத் தண்ணீர் நிரப்பிக்கொண்டே இருந்தது. சட்டையைக் கண்டுபிடித்தவர் மாமா. அந்தக் காலையைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை.

உள்ளே வந்த கடல்நீர் ஆற்றின் அடியில் கிடந்த கறுப்புச் சேற்றைக் கலக்கி மேலே கொண்டுவந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மிஞ்சியிருந்த மீன்களும் அதில் செத்தன. மூன்றாவது பேரழிவின்போதும் ஆழத்தில் கிடந்த நச்சுநீர் மேலே எழும்பிக் கரையோர உயிர்களைக் கொன்றிருக்கலாம் என்று பிறகு படித்தேன். வெட்டிய வாயைக் கடலே சில நாட்களில் மணல் போட்டு மூடிவிட்டது. எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவுக்குப் பிறகு அப்பா போய்ப் பார்த்தபோது வெட்டியதற்கு அடையாளமே இருக்கவில்லையாம்.

செத்த வீட்டுக்கு வந்த பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து, “அழாத மகள், அண்ணன் திரும்பி வருவான்,” என்றார்கள். நான் அழவில்லை. அவர்கள் சொன்னது எனக்குப் புதிய செய்தியும் அல்ல. அதையே அவன் வாயால், கோடு கீறி, விளக்கத்தோடு கேட்டவள் நான். ஒரு மாமியிடம் மட்டும் எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டேன். அவர் என்னை விட்டுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓலமிட்டார்.

தை மாதம் வெள்ளம் வந்தது. எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பாடசாலை மேல்மாடியில் பாயைப் போட்டுக் கிடந்தோம். ஆற்றுவாயை வழக்கப்படி வெட்ட ஆட்கள் போனபோது மாமாவைக் கூப்பிட்டார்கள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெள்ளம் ஆற்றைக் கழுவிக் கடலில் கொட்டியது.

அதன் பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஆற்றங்கரைக்குப் போவது என் வேலையாயிற்று. முதலில் சேற்றில் ஊசித்துளைகள் வந்தன, புழுக்கள். பிறகு கூனி என்கிற பொடி இறால், கண் மட்டும் தெரிகிற கண்ணாடித் துண்டுகள்போல. பிறகு மீன், ஆனால் ஒரே இனம். அப்பா வலையை எங்கே போட்டாலும் திலாப்பியா, திலாப்பியா, திலாப்பியா. கல்யாண வீட்டுக்கும் இதுதான், பிள்ளைப்பெத்த வீட்டுக்கும் இதுதான் என்று பக்கத்துத் தோணிக்காரர் ஏசிக்கொண்டே அள்ளிப்போட்டார்.

மூன்றாவது பேரழிவுக்குப் பிறகும் அப்படித்தான் நடந்தது. இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் காலத்துப் பாறைகளில், பல இடங்களில், தோண்டத் தோண்ட ஒரே மிருகத்தின் எலும்புதான் கிடைக்கிறது. பன்றி உடம்பும் இரண்டு தந்தமும் உள்ள லிஸ்ட்ரோசோரஸ். அதற்குப் பலமும் இல்லை, வேகமும் இல்லை. வளைக்குள் இருந்து பழகியதால் தப்பியது என்கிறார்கள் சிலர். சும்மா அதிர்ஷ்டம் என்கிறார்கள் வேறு சிலர். நான் இரண்டாவது கட்சி. சொல்கேளாமல் கடல் பக்கம் நின்று தேங்காய் தின்றவளுக்கு வேறு கட்சி கிடையாது.

அண்ணன் அன்று சொன்னதில் ஒரு சொல்தான் பிழை. ‘எல்லாம்’ என்றான். மூன்றாவது அழிவுக்கு முன் கடலுக்கடியில் மலைமலையாகக் கட்டி எழுப்பிய பவளங்கள் அதோடு போயின. அந்தக் கடலில் மறுபடி பவளத்திட்டு எழ ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுகள் ஆயின. எழுப்பியவை வேறு வம்சம். ஐந்தாவதுக்குப் பிறகு சாம்பல் படிந்த நிலத்தை முதலில் மூடியவை பன்னம் எனும் பெரணிச் செடிகள்; அதற்குமுன் அங்கே நின்ற காடு அவற்றோடு திரும்பி வரவில்லை. ஒவ்வொரு தடவையும் உயிர் திரும்பி வந்திருக்கிறது. செத்தவை வந்ததில்லை. இது எனக்கு விளங்கியது பத்தொன்பது வயதில், ஒரு நூலகத்து மேசையில். பத்து வயதில் நான் கூனியைக் கண்டேன், திலாப்பியாவைக் கண்டேன். ஆகவே அண்ணனும் வழியில் இருக்கிறான் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

வெள்ளம் வந்த அதே வருட ஐப்பசியில் அம்மாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது.

பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிக்கிற முப்பத்தொன்றாம் நாள் சொந்தக்காரர் எல்லோரும் வந்தார்கள். “போனவன் வந்திட்டான்,” என்றார் ஒருவர். “அதே மூக்கு, அதே கண். அவனேதான்,” என்றார் இன்னொருவர். மாமா வாசலில் நின்றபடி குழந்தையைப் பார்த்தார், தொடவில்லை. வெற்றிலைகூடப் போடாமல் போய்விட்டார். அண்ணனின் பெயரையே வைக்க வேண்டும் என்றார்கள். அப்பா தலையாட்டினார்.

எனக்கு அவசரம். ஆட்கள் போகும்வரை காத்திருந்தேன். அம்மா முகம் கழுவக் கிணற்றடிக்குப் போன நேரத்தில் குழந்தையிடம் போய் உட்கார்ந்தேன். திருஷ்டிக்கு நெற்றியிலும் கன்னத்திலும் பொட்டு. புருவங்கள் இரண்டும் தடிப்பாக மை எழுதிக் கறுத்திருந்தன. சட்டை நுனியை எச்சிலில் நனைத்து இடது புருவத்து மையை மெதுவாகத் துடைத்தேன். அடியில் ஒன்றுமே இல்லை. மழமழவென்று, முழுதாக ஒரு புருவம். மனம் கேட்கவில்லை. ஐந்து விரலையும் அதன் கண்முன் விரித்து, நடுவிரலை ஆட்டி, “மூணாவது என்ன? சொல்லு,” என்றேன். அது என் விரலைப் பிடித்து வாய்க்குள் வைத்தது.

அம்மா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். “அம்மா, இது அண்ணன் இல்ல. தழும்பு இல்ல. மூணாவதும் தெரியல்ல.”

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஈர முகத்தைத் துடைக்காமலே குழந்தையை மடியில் எடுத்தார். மைச்சிமிழைத் திறந்து, நான் அழித்த புருவத்தைத் திரும்ப எழுதினார்.

“எனக்குத் தெரியும் மகள்,” என்றார். மைச்சிமிழை மூடிவிட்டு, “அப்பாக்கிட்டச் சொல்லிராத. அவர் பாவம்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. ஊருக்கே தெரியாத ஒன்று எனக்கும் அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. அப்பா ஏமாந்துபோய் இருக்கிறார், அவரை அப்படியே வைத்திருப்பது என் பொறுப்பு.

அன்று பொழுதுபடும் நேரம் அப்பா குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி முற்றத்தில் நின்றார். அவருடைய பெருவிரல் குழந்தையின் இடது புருவத்தின்மேல் போய் வந்துகொண்டிருந்தது. நடுவில் ஓர் இடத்தில் நிற்கும், திரும்பப் போகும். இன்னும் கொஞ்சம் தேய்த்தால் மை முழுவதும் போய்விடும், கண்டுபிடித்துவிடுவார்.

ஓடிப்போய்க் கையை நீட்டினேன். “தாங்க அப்பா. மை அழியுது.”

“ஓம் மகள்,” என்றார் அப்பா. குழந்தையை என்னிடம் தந்தார். பெருவிரலில் ஒட்டியிருந்த கறுப்பை இடுப்புச் சாரத்தில் துடைக்காமல், அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நல்ல வேளை, அவர் ஒன்றும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் குழந்தையை உள்ளே கொண்டுபோனேன்.